எது போனால் எது நிற்கும்

அந்த அம்மாவிடம் "பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட்டேன். எனக்கு வாய் முந்தி வரும், புத்தி அடுத்த பஸ்ஸில் வரும்.

"டேட்டா எல்லாம் பத்திரமா இருக்கு மேடம்."

"எதுலேருந்து பத்திரம்?"

"எல்லாத்துலேருந்தும்."

"லாரி வந்து மோதினா?"

"மாடிக்கு எப்படி மேடம் லாரி வரும்?"

"அப்ப எல்லாத்துலேருந்தும் இல்ல. லாரியக் கழிச்சாச்சு. இனி ஒவ்வொண்ணாக் கழிங்க. கடைசில எது மிஞ்சுதோ அதச் சொல்லுங்க."

மத்தியானம் முழுக்கக் கழித்தேன். எலியைக் கழித்தேன், கரண்டைக் கழித்தேன், வைகையில் வெள்ளம் வருவதைக் கழித்தேன். வெள்ளம் வந்தாலும் மாடி நனையாது என்று மறுபடி சேர்த்தேன். சாயங்காலம் அவர் முன்னால் போய் நின்று, "கரண்ட் இருந்து, டிஸ்க் தட்டு தேயாம, யாரும் கை வைக்காம, முக்கியமா நான் கை வைக்காம இருந்தா பத்திரம் மேடம்" என்றேன்.

"இப்பத்தான் உண்மைக்குப் பக்கத்துல வாரீங்க" என்றார். சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் வியர்த்தது. அந்தத் தெருவிலேயே ஏ.சி. போட்ட ஒரே அறையில் வேலை பார்த்து வியர்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எண்பதுகளின் பின்பாதி. மேல மாசி வீதிப் பக்கம் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். கீழே எவர்சில்வர், மேலே கம்ப்யூட்டர். இரண்டுக்கும் ஒரே முதலாளி. கல்லூரிகளின் மார்க்குகளை ஏற்றி, கூட்டி, ரிசல்ட் அச்சடித்துக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே வரவேண்டும். துணி துவைக்கும் மெஷின் அளவில் நாலு பெட்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் இட்லித்தட்டு அடுக்கினாற்போல ஒரு டிஸ்க் அடுக்கு. மேடம் அந்த அறைக்கு அதிகாரி. நான் ஆபரேட்டர். அதாவது, அவர் சொன்னதைச் செய்கிறவன். சொல்லாததையும் செய்துவிட்டுத் திட்டு வாங்குகிறவன்.

அவர் மஹால் பக்கம், நெசவாளர்கள் நிறைந்த ஒரு சௌராஷ்டிரத் தெருவிலிருந்து வருவார். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட சேலை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. எங்களோடு மதுரைத் தமிழ், போனில் அக்காவோடு வீட்டுப் பாஷை. அந்தப் பாஷையில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அதிலும் அவர் கேள்விதான் கேட்கிறார் என்பது தொனியிலேயே தெரியும். பாவம் அந்த அக்கா.

டிஸ்க்கோடு மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. எனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து, "நல்ல குடும்பம் மேடம்" என்றேன். "எதுக்கு நல்ல குடும்பம்? விருந்துக்கா, வியாதிக்கா?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி உசிலம்பட்டிக்கு பஸ் ஏறிப் போய், வருங்கால மாமனாரிடம் நோய்நொடி பற்றி விசாரித்தேன். எனக்குத்தான் ஏதோ வியாதி என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். சம்பந்தம் முறியாமல் தப்பியது என் அம்மா போய்ப் பேசியதால்தான்.

ஒரே ஒரு தடவை அவர் விழுந்து விழுந்து சிரித்துப் பார்த்திருக்கிறேன். சென்டர் பூட்டின் சாவி தொலைந்துபோனால் என்ன செய்வது என்று முதலாளியிடம் கேட்டார். "கவலைப்படாதீகம்மா, டூப்ளிகேட் இருக்கு" என்று முதலாளி பெருமையாக இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார். இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் தொங்கின. மேடம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். முதலாளிக்குக் கடைசிவரை ஏன் என்று புரியவில்லை. எனக்கும் அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் புரிந்தது.

சொற்களில் அவருக்கு இருந்த கண்டிப்பு அப்படி. ஒரு டிஸ்க் செத்தாலும் கணக்குப் பிழைக்கட்டும் என்று பல டிஸ்க்குகளில் சேர்த்து வைக்கிற ஏற்பாடுகள் நாலைந்து விதம் உண்டு. எங்களுக்கு எல்லாமே "காப்பி"தான். மெட்ராஸிலிருந்து மெஷின் விற்க வந்த டை கட்டிய ஆளுக்கு எல்லாமே "மிரர்"தான்.

"முழுப் பாதுகாப்பு மேடம். எல்லாமே மிரர்."

"சரி. இந்த நாலுல இப்ப எதப் பிடுங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே மேடம் ஒரு பெட்டியின் பிளக்கில் கையை வைத்தார்.

"மேடம், மேடம், அதத் தொடாதீங்க."

"அப்ப இதையா?"

"அதுவும் வேண்டாம் மேடம்."

"எதையும் பிடுங்கக் கூடாதுன்னா இது என்ன பாதுகாப்பு? நேர்த்திக்கடன்."

அந்த ஆள் போன பிறகு மேடம் கரும்பலகையில் பெயர்கள் எழுத ஆரம்பித்தார். ஒரே கணக்கை இரண்டு டிஸ்க்கில் அப்படியே எழுதுவதற்கு முதலில் 'இரட்டை' என்று பெயர் வைத்தார். ஒரு வாரம் கழித்து அவரே அழித்தார். காரணம், இன்னொரு ஏற்பாட்டைப் புளியங்கொட்டை வைத்து எங்களுக்கு விளக்கியிருந்தார். ஒத்தையா ரெட்டையா ஆட்டம்தான்.

"மூணு பேரு கைய மூடிக்கிட்டு நிக்கீங்க. ஒவ்வொரு கையிலயும் ஒரு கொட்டை இருக்கும், இல்ல இருக்காது. மொத்தம் ஒத்தையா ரெட்டையான்னு மட்டும் நாலாவது ஆளு ஞாபகம் வச்சுக்கிடுவாரு. ஒருத்தரு ஓடிப்போயிட்டாரு. மிச்சம் ரெண்டு கையத் திறந்து பாத்து, நாலாவது ஆளக் கேட்டா, ஓடிப்போனவரு கையில என்ன இருந்துச்சுன்னு சொல்லிரலாம்."

"ரெண்டு பேரு ஓடிப்போனா மேடம்?"

"மீனாட்சியத்தான் கேக்கணும்."

ஆக அதற்கு 'ஒத்தரெட்டை' என்று பெயர் ஆனது. அது வந்த பிறகு 'இரட்டை' குழப்பும் என்று மற்றதை 'ஜோடி' ஆக்கினார். வேகத்துக்காகப் பல டிஸ்க்கில் துண்டுதுண்டாகப் பிரித்து எழுதுவது 'பிரிச்சது'. அதில் ஒன்று போனாலும் எல்லாம் போச்சு. அன்றன்றைக்கு டேப்பில் எடுத்துப் பீரோவில் வைப்பது 'பழசு'. 'காப்பி' என்ற சொல் டம்ளரில் இருந்தால் மட்டும் சொல்லலாம்.

ஜோடிக்கும் பழசுக்கும் என்ன வித்தியாசம் என்று புரியாமல்தான் இருந்தோம். ஒருநாள் டைப் அடிக்கிற பெண் ஒருத்தி ஒரு கல்லூரியின் இயற்பியல் மார்க் மொத்தத்தையும் தவறி அழித்துவிட்டாள். நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். "அழாத தாயி, ஜோடி இருக்குல்ல." ஜோடியைப் போய்ப் பார்த்தால் அங்கேயும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அவளுக்குப் பதிலாக நான் அழ ஆரம்பித்தேன்.

"ஜோடின்னா அப்படித்தான். இவன் குழியில விழுந்தா கூடவே அவனும் விழுவான்" என்று சொல்லிவிட்டு மேடம் பீரோவைத் திறந்து பழசை எடுத்தார். முந்தின நாள் மார்க்குகள் அப்படியே இருந்தன.

பெயர் மட்டும் போதாது, கூடவே எண் வேண்டும் என்பது அவருடைய அடுத்த சட்டம். எத்தனை டிஸ்க் செத்தால் தாங்கும் என்ற எண். அதுவும் வாங்கிய அன்றைக்கு உள்ளது இல்லை, இந்த நிமிஷத்துக்கு உள்ளது. கீழே பாத்திரக்கடையில் விலை மாட்டுகிற தகரப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, "இப்போது தாங்குவது" என்று பெயிண்டால் எழுதி, எங்கள் நாலு பெட்டியும் அப்போது ஒத்தரெட்டைக்கு மாறியிருந்ததால் கொக்கியில் ஒரு 1-ஐ மாட்டி மெஷின் மேல் தொங்கவிட்டார். வந்தவர்களெல்லாம் மெஷின் விலை ஒரு ரூபாயா என்று கேட்டார்கள்.

அந்த வருஷம் கோடை ரிசல்ட். வெளியூரிலிருந்து நாலு பேராசிரியர்கள் வந்து ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க எங்கள் சென்டரில் உட்கார்ந்தார்கள். ஓரிரண்டு மார்க்கில் பெயிலாகி நின்ற பிள்ளைகளின் விடைத்தாள்களை மறுபடி படித்து, அவர்கள் மார்க்கைச் சொல்லச் சொல்ல, எங்கள் பெண்கள் தாளில் எங்கும் குறிக்காமல் நேராக மெஷினில் திருத்தினார்கள். பெயிலாக இருந்த பல பிள்ளைகள் அன்று பாஸானார்கள். சாயங்காலம் பேராசிரியர்கள் விடைத்தாள் கட்டுகளைக் கல்லூரி வண்டியில் ஏற்றிவிட்டு, நாகர்கோவிலுக்கும் பழனிக்குமாக பஸ் ஏறிவிட்டார்கள். அன்றைய பழசு இனிமேல்தான் எடுக்கவேண்டும். மறுநாள் காலை தேர்வு அதிகாரி வந்து அச்சடித்த ரிசல்ட்டை வாங்கிப்போவதாக ஏற்பாடு.

மேடம் மத்தியானமே போய்விட்டார். தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். அந்த இடைவெளியில்தான் முதலாளி மேலே வந்தார், கையில் தூபக்காலோடு.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் கடைக்குச் சாம்பிராணி காட்டுவது அவர் வழக்கம். ஏ.சி. அறைக்கு மட்டும் மேடம் விட்டதில்லை. அன்றைக்குத் தடுக்க ஆளில்லை. "முக்கியமான நாளு தம்பி. மெஷினுக்கும் காட்டிருவோம்" என்று நாலு பெட்டியையும் சுற்றிச் சுற்றிக் காட்டினார். அடைத்த அறை. புகை போக வழியில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கு முதலாளியே தெரியவில்லை, தூபக்கால் மட்டும் நடந்து வந்தது.

டிஸ்க்கில் படிக்கிற முனை தட்டைத் தொடாமல், மயிரிழையைவிடக் குறைந்த உயரத்தில் பறக்கும். அந்தச் சந்துக்குப் புகைத்துகள் பாறாங்கல் மாதிரி. மூன்றாவது பெட்டியிலிருந்து தகரத்தை ஆணியால் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

ஆபத்து வந்தால் என் உடம்பு என்னைக் கேட்பதில்லை. அடுத்து எனக்கு நினைவு வரும்போது தெருவின் நடுவில் வெறுங்காலோடு நிற்கிறேன். ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் முன்னால் நிறுத்தி, "எங்கண்ணே போகணும்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. திரும்பி மாடி ஏறி, மேடம் வீட்டுக்குப் பக்கத்து ஜவுளிக்கடைக்கு போன் போட்டு, "டிஸ்க் கத்துது, டிஸ்க் கத்துது" என்று சொன்னேன். எடுத்தவர் "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். இரண்டாம் தடவைதான் மேடத்தைக் கூப்பிடச் சொல்ல முடிந்தது.

பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக வந்தார். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். கொக்கியிலிருந்து 1-ஐக் கழற்றி 0-வை மாட்டினார். அப்புறம்தான் பேசினார்.

"யாரு?"

"வெள்ளிக்கிழமைல்லம்மா" என்றார் முதலாளி.

"மெஷின நிறுத்துங்க தம்பி. புகை அடங்கட்டும்."

"ஏம்மா நிறுத்தணும்? ஒண்ணு செத்தாலும் நிக்கும்னு நீங்கதான சொன்னீக? நிக்குதுல்ல? ராத்திரியோட ராத்திரியா பிரிண்ட் போட்டுருவோம்."

"நின்னுச்சு. இனிமே ஒண்ணு போனா நிக்காது. மிச்சம் மூணும் அதே புகையக் குடிச்சிருக்கு."

அவரே பிளக்குகளைப் பிடுங்கினார். நான் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். ஒத்தக்கடையில் இறங்க வேண்டியவன் மேலூர் வரைக்கும் போன பிறகுதான் கவனித்தேன்; தூங்கவில்லை, பயந்துகொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை காலை நான் போனபோது மேடம் வடிகட்டிகளை மாற்றி, பெட்டிகளைத் துடைத்து முடித்திருந்தார். மெஷின் ஏறியது. செத்ததைத் தவிர மூன்றும் ஓடின. அவர் டேப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே சஃபாரி உடுப்பில் தேர்வு அதிகாரி வந்துவிட்டார். முதலாளி மேடத்தை ஓரமாக அழைத்துப் போய், எனக்குக் கேட்கிற அளவு ரகசியமாகச் சொன்னார்.

"அம்மா, 'பத்திரமா இருக்கு'ன்னு ஒத்த வார்த்தை சொல்லுங்க. வேற எதுவும் வேணாம். இந்தக் காண்ட்ராக்ட் போச்சுன்னா மேல்மாடிய மூடிட்டு நான் கீழயே கரண்டி விக்கணும். உங்க வேலையும் சேத்துத்தான் சொல்றேன்."

மேடம் நேராக அதிகாரியிடம் வந்தார்.

"சார், ரிசல்ட் இன்னைக்குக் கிடைக்காது. முதல்ல டேப் எடுக்கணும். பிரிண்ட்டுக்கு டிஸ்க்க நூறு தடவை புரட்டணும், டேப்புக்கு மெதுவா ஒரே ஒரு தடவை படிச்சா போதும். அதுக்கே பகல் போயிரும். அப்புறம்தான் பிரிண்ட்."

"மெஷின் ஓடுதேம்மா."

"ஓடுது சார். இன்னொரு டிஸ்க் போனா நேத்துத் திருத்தின மார்க் மொத்தமும் போயிரும்."

"போயிருமா?"

"தெரியாது சார்."

"தெரியாத ஒண்ணுக்காகவா ஒரு நாள் தள்ளணும்? மேலிடத்துல நான் என்னன்னு சொல்ல? பீரோவுல பழைய டேப் இருக்குன்னு சொன்னாரே உங்க முதலாளி."

"இருக்கு சார். அதுல அந்தப் பிள்ளைங்க இன்னும் பெயில்."

முதலாளி என் பக்கம் திரும்பி, "தம்பி, நீ பிரிண்ட் குடு" என்றார்.

வீரர்கள் இந்த இடத்தில் "முடியாது" என்று சொல்வார்கள். நான் கக்கூஸுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். முதலாளி வெளியே வந்து தட்டினார். "தம்பி, எம்புட்டு நேரம்?" என்றார். "தெரியாதுண்ணே" என்றேன். அன்று அந்த அறையில் உண்மை பேசிய இரண்டாவது ஆள் நான்தான். கதவு மெல்லியது. அந்தப் பக்கம் மேடத்தின் குரல் கேட்டது.

"பிரிண்ட் போடச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இருக்கு சார். நான் மறிக்கல. அந்தப் பலகைய மட்டும் பாத்துட்டு, 'சைபர்னு தெரிஞ்சுதான் போடச் சொல்றேன்'னு வாயால ஒரு தடவை சொல்லிருங்க. தம்பி வெளிய வந்ததும் போட்டுருவாரு."

நான் வெளியே வரவேண்டாம் என்று அப்போது முடிவு செய்தேன்.

அப்புறம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. "பக்கத்துல நல்ல காப்பி கிடைக்குமா?" என்று கேட்டார் அதிகாரி.

சாயங்காலம்வரை டேப் ஓடியது. அது ஓடி முடிகிற வரைக்கும் நான் சுவரில் சாய்ந்து மூன்று பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் கத்தவில்லை. மேடம் டேப்பைப் பிரித்து எடுத்து, அதிலிருந்தே இன்னொரு டேப்பும் எடுத்து, ஒன்றை அதிகாரியிடமே கொடுத்துவிட்டு, "இப்பப் பிரிண்ட் போடுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அச்சடித்தோம். எந்த டிஸ்க்கும் சாகவில்லை. ரிசல்ட் தாமதமாகத்தான் போனது, பிள்ளைகள் பாஸானது பாஸாகவே நின்றது.

ஆனால் அந்த மூன்று டிஸ்க்கும் அப்புறமும் சாகவில்லை என்பதுதான் வினையாகிப் போயிற்று. கல்லுக்குண்டு மாதிரி ஓடின. "புகை பட்டா செத்துரும்னாக, பாருங்க ஓடுறத" என்று வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி காட்டினார். அடுத்த வருஷம் அந்தக் காண்ட்ராக்ட் வேறொரு சென்டருக்குப் போனது. அங்கே எல்லாம் முழுப் பத்திரமாம். மேடத்தின் வாயால்தான் போச்சு என்று முதலாளி நம்பினார். மெட்ராஸிலிருந்து ஒரு மேனேஜர் வந்து மேடத்தின் மேஜையில் உட்கார்ந்தார். தகரப் பலகையைக் கழற்றிக் கீழே அனுப்பினார்கள். பெயிண்டைச் சுரண்டிவிட்டு, குத்துவிளக்கு விலையை மாட்டினார்கள்.

மேடம் வேலையை விட்ட அன்று விடைபெறும் பேச்சோ மாலையோ இல்லை. பஸ் ஸ்டாப்வரை அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு நான் நடந்தேன். வழியில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் குடித்தோம். ஒரு வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அந்த டிஸ்க்கு ஒண்ணாவது செத்திருக்கலாம் மேடம். நீங்க சொன்னது நடந்திருந்தா இன்னைக்கு இப்படி ஆகியிருக்காது."

அவர் டம்ளரைப் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. எனக்கு ஏதோ உடம்பு சரியில்லாததுபோலப் பார்த்தார்.

"செத்துரும்னு நான் எப்பத் தம்பி சொன்னேன்? செத்தா தாங்காதுன்னுதான சொன்னேன்."

சொல்லிவிட்டு, டம்ளரின் அடியில் தங்கியிருந்த தேங்காய்த் துருவலை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, வந்த பஸ்ஸைப் பார்த்துக் கையை நீட்டினார்.